வெள்ளை பஸ்ஸின் நான்கு எழுத்து

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஓசூரில் நடந்தது இது. காலையில் பனி, சாயங்காலம் தூறல். நடுவில் வெயில் அடித்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று நடந்தது எல்லாமே அரைத்தூக்கத்தில் பார்த்த மாதிரிதான் இன்னும் மனதில் இருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் இப்போது எழுதியது போலத் தெளிவாக நிற்கிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். என் கணவருக்கு இங்கே உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. கல்யாணமான கையோடு பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கியவர்கள்தான். வந்த புதிதில் என்னை அசர வைத்தவை இரண்டு. ஒன்று, ஒன்பது மணி வரைக்கும் விலகாத பனி. இன்னொன்று, வெள்ளை பஸ்கள். எங்கள் ஊரில் பஸ் என்றால் அதற்கு ஒரு நிறம், ஒரு பெயர், ஒரு பாட்டு உண்டு. தூரத்தில் ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த பஸ் என்று சொல்லிவிடுவோம். இங்கே ஷிப்ட் மாறும் நேரத்தில் வெள்ளை பஸ்ஸுக்குப் பின்னால் வெள்ளை பஸ். எல்லாம் கம்பெனி பஸ்கள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வரும், பனிக்குள்ளேயே போய்விடும். உள்ளே எல்லோரும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல் வேனுக்காக நானும் அவளும் ரோட்டோரம் நிற்கும் நேரத்தில் அவள் கண்டுபிடித்ததுதான் அந்த விளையாட்டு. எதிரில் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். எண்களை விட்டுவிட வேண்டும். எழுத்துகள் நான்கையும் எடுத்துக்கொண்டு, அந்த நான்கும் உள்ளே இருக்கிற இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத்து முன்னே பின்னே மாறி வரலாம், நடுவில் வேறு எழுத்தும் சேரலாம். யாருடைய வார்த்தை சின்னதோ அவர் ஜெயித்தவர். பார்டர் ஊராச்சே, வண்டிக்குப் பஞ்சமில்லை. நம்ம ஊர் வண்டி என்றால் T, N. கர்நாடகா வண்டி என்றால் K, A. கூடவே R, M வந்தால் MARK. ஆந்திரா லாரி வந்தால் A, P என்று பாதி ஆப்பிள் கையில் இருக்கிறது என்று குதிப்பாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். என் இங்கிலீஷ் எல்லாம் பிஸ்கட் பாக்கெட்டிலும் சோப்பு உறையிலும் கடை போர்டிலும் படித்தது. அதனால் மகள் என்னைக் கொஞ்சம் பாவம் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்வாள். யோசிக்க நேரம் தருவாள், முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பாள். நான் அவளை ஜெயித்துவிட்டால் மட்டும் முகம் தூக்கிக்கொள்ளும். ஒருமுறை T, N, A, Q என்று ஒரு வண்டி வந்தது. அன்று எங்களோடு ரோட்டோரம் நின்ற அவள் அப்பா உற்சாகமாகி QUALITY என்றார். அவருடைய டிபார்ட்மென்ட் அல்லவா. அதில் N எங்கே என்று கேட்டு அதைத் தள்ளிவிட்டு QUANTITY என்றாள் மகள். கம்பெனியில் நான் ரிஜெக்ட் பண்ணுகிறேன், வீட்டில் என்னையே ரிஜெக்ட் பண்ணுகிறார்கள் என்று முனகிக்கொண்டே வேலைக்குப் போனார் மனிதர்.

வேன் வந்து அவள் போன பிறகும் விளையாட்டு என்னை விடாது. ரவை வறுக்கும்போது எழுத்துகள் வந்து நிற்கும். துணி உலர்த்தும்போது, காலையில் கிடைக்காத வார்த்தை தானாக வந்து விழும். சாயங்காலம் அவள் வரும் வரை அதை மறக்காமல் வைத்திருப்பேன். அந்த நாட்களில் பேச்சுத்துணைக்கு எனக்கு இந்த ஊரில் இருந்தது அவள் ஒருத்திதான். அதனால் அந்த விளையாட்டு எனக்கு விளையாட்டு மட்டும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவருடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு ஜவளகிரிக்குப் பக்கத்தில், காட்டை ஒட்டிய கிராமம். மாப்பிள்ளையின் தாய்மாமா இரண்டு பஸ்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார். இரண்டும் வெள்ளை பஸ். வாரம் முழுக்கக் கம்பெனிக்கு ஓடும் பஸ்கள் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காதுகுத்துக்கு வாடகைக்கு ஓடுவது இங்கே வழக்கம். கம்பெனிப் பெயரை மறைத்து ஒரு பேனரும் மாலையும் கட்டிவிட்டால் கல்யாண பஸ்தான்.

காலையில் தெருமுனையில் பனிக்குள் விளக்கைப் போட்டபடி பஸ் நின்றது. என் மகள் ஏறுவதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். வழக்கமாக அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறவள் அன்று வாயைத் திறக்கவில்லை. மத்திகிரி கூட்ரோடு தாண்டியது. இரண்டு பக்கமும் பனியில் ரோஜா வளர்க்கும் பாலிதீன் கூடாரங்கள் மேகம் மாதிரி படுத்திருந்தன. அவள் ஜன்னலில் மூச்சு விட்டு, அந்த ஈரத்தில் எழுத்துகளை எழுதி எழுதி அழித்தாள். கொஞ்ச நேரத்தில் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள். BLANKET. தளி வரும் வரைக்கும் நானும் மண்டையைக் குடைந்து பார்த்தேன். அதைவிடச் சின்னதாக எனக்கு எதுவும் அகப்படவில்லை. நீயே ஜெயித்தாய் என்று ஒத்துக்கொண்டேன். வார்த்தை கிடைத்துவிட்டால் எழுத்துகளை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அவை அப்போதே என்னை விட்டுப் போய்விட்டன.

நிச்சயம் நன்றாக நடந்தது. பெண் வீட்டார் கன்னடம் பேசுகிறவர்கள். நாங்கள் தமிழில் கேட்போம், அவர்கள் கன்னடத்தில் பதில் சொல்வார்கள், நடுவில் யாராவது தெலுங்கில் கிண்டல் செய்வார்கள், எல்லோரும் சிரிப்போம். சாப்பாடு முடிந்து தாம்பூலப் பை கொடுக்கும் நேரத்தில் மேகம் கவிந்து சட்டென்று வெளிச்சம் குறைந்தது. முந்தின வாரம்தான் யானைக் கூட்டம் ஒன்று ராகிக் கொல்லையில் இறங்கியிருந்ததாம். இருட்டுவதற்குள் தளியைத் தாண்டிவிடுங்கள் என்று ஊர்க்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அவ்வளவுதான். யானை என்று காதில் விழுந்ததும் எந்த பஸ்ஸில் வந்தோம், எந்த பஸ்ஸில் போகிறோம் என்று யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. காலில் செருப்பு மாட்டினவர்கள் பாதி, கையில் எடுத்துக்கொண்டவர்கள் பாதி. கூடையில் இருந்த தாம்பூலப் பைகளுடன் என்னைப் பிடித்து இழுத்துப் பின்னால் நின்ற பஸ்ஸில் ஏற்றினார்கள் மற்ற பெண்கள்.

கடைசியாக நான் என் மகளைப் பார்த்தபோது அவள் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் மாப்பிள்ளையின் நண்பர்களோடு காரில் வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். சரி, அவளும் காரில் சொகுசாக வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவரோ காரில் இடம் நெருக்கடி என்று, காலையில் நாங்கள் வந்த பஸ்ஸில் கடைசி நீள சீட்டில் அவளைப் படுக்க வைத்து, துண்டைப் போர்த்தி, முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாவிடம் இவள் அம்மா இப்போது வருவாள் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். அந்த அம்மா வழியில் மத்திகிரியிலேயே இறங்கிவிட்டார்.

வழியெல்லாம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். மல்லிகை வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து வந்தது. அதைவிட நல்ல தூக்கம் எனக்கு அந்த வருடம் வாய்க்கவில்லை என்றே சொல்லலாம்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு பஸ்களும் முன்னும் பின்னுமாக நின்றன. தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன் பஸ்ஸின் டிரைவர், பார்டர் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் விடுகிற நேரம், சீக்கிரம் இறங்குங்கள் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த பஸ்ஸை ஒட்டித்தான் நின்று குடையை விரித்தேன். அது கிளம்பிப் போன வேகத்தில் பள்ளத்துத் தண்ணீர் என் பட்டுப்புடவையில் அடித்தது. அந்த டிரைவரை மனதுக்குள் நன்றாக வைதேன். அந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் என் குழந்தை இருந்தாள்.

வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்திருந்தேன். கணவர் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா தூங்குறாளா?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பின்னால் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

பஸ் பிடித்துக்கொடுத்த தாய்மாமாவுக்கு போன் போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. மாப்பிள்ளைக்குப் போட்டோம், அதுவும் அப்படியே. இருவரும் இன்னும் அந்தக் காட்டு ஊரிலேயே இருந்தார்கள், அங்கே டவர் கிடையாது. டிரைவர் பெயர் தெரியாது. பஸ் யாருடையது என்று தெரியாது. வெள்ளை பஸ் என்று சொன்னால் ஓசூரில் சிரிப்பார்கள். பேனரையும் மாலையையும் இந்நேரம் கழற்றியிருப்பார்கள். அந்த டிரைவர் சத்தம் போட்ட அத்திப்பள்ளி ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த துப்பு. கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். கீழ் வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் இருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவியும் கழுவாமலும் வண்டியை எடுத்தார். நான் நனைந்த பட்டுப்புடவையோடு பார்டருக்குக் கிளம்பினேன்.

பஸ் நம்பர் என்ன என்று அவர் கேட்டார். தெரியாது, அதிலிருக்கிற எழுத்துகளை வைத்து என் மகள் சொன்ன வார்த்தை மட்டும் தெரியும் என்றேன். வேறு யாராவது இருந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவர் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்தபடி மறு கையால் போனை எடுத்து, ஜூஜூவாடி செக்போஸ்ட் பக்கம் நிற்கும் தன் ஆட்டோ நண்பர்களிடம் கன்னடத்தில் பேசினார். பேச்சின் நடுவே பிளாங்கெட், பிளாங்கெட் என்று மூன்று முறை சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது.

பாலம் வேலை நடந்துகொண்டிருந்ததால் பார்டரில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. தூறலில் எல்லா விளக்குகளும் கரைந்து, ரோடு முழுக்க சிவப்பும் மஞ்சளுமாக ஒரே கலங்கல். அந்தக் கலங்கலுக்குள் எங்கே பார்த்தாலும் வெள்ளை பஸ்கள். ஒவ்வொன்றின் கடைசி சீட்டிலும் என் மகள் தூங்குகிற மாதிரியே எனக்குத் தெரிந்தது. ரெயின்கோட் போட்ட டிராபிக் போலீஸ்காரர் ஒருவரிடம் ஆட்டோ தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் அவர் பரபரப்பானார்.

"நம்பர் சொல்லும்மா. உடனே மைக்ல சொல்றேன்."

"நம்பர் தெரியாது சார். வார்த்தைதான் தெரியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் விளையாட்டைச் சொன்னேன். அழுகையும் மூச்சுமாக எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவருக்கும் ஸ்கூலில் படிக்கிற பிள்ளை இருந்திருக்க வேண்டும். பாக்கெட்டில் இருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் அந்த வார்த்தையை எழுதிக்கொண்டார். வெள்ளை பஸ்ஸை எல்லாம் நிறுத்தினால் ஹைவே ஸ்தம்பித்துவிடும், இந்த ஏழு எழுத்துக்குள் நாலும் அடங்குகிற வண்டியை மட்டும் பார்ப்போம் என்றார்.

பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்ல? ஆட்டோக்காரர்கள், கொய்யாப்பழம் விற்கிற பெண், லாரியிலிருந்து இறங்கி நின்ற கிளீனர்கள் என்று ஆளாளுக்கு ஒரு பஸ்ஸின் முன்னால் போய் நின்று நம்பர் பிளேட்டைப் பார்த்து விரலில் எழுத்து எண்ணினார்கள். நானும் மகளும் ரோட்டோரம் நின்று விளையாடியதை ஒரு பார்டரே சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. K, A, L, T என்று ஒரு பஸ் அகப்பட்டது. ஓடினோம். வேலை முடிந்து போகிறவர்கள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து சீட்டுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். இல்லை. T, N, A, E என்று இன்னொன்று. அதிலும் இல்லை. அடங்குகிற வண்டி அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. எந்த ஸ்டேட் வண்டி என்றாவது தெரியுமா என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன். அந்த வார்த்தைக்குள் T, N இருக்கிறது. K, A-யும் இருக்கிறது. இரண்டு மாநிலமும் ஒரே போர்வைக்குள் படுத்திருந்தன.

ரோட்டின் நடுச்சுவரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஹாரன் சத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது. காலையில் ஜன்னல் ஈரத்தில் அவள் எழுதி எழுதி அழித்தது மட்டும் கண்ணுக்குள் வந்தது. ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்? சின்ன வார்த்தை கிடைத்திருந்தால் அதைச் சொல்லியிருப்பாளே, ஏழு எழுத்துக்கு ஏன் போனாள்? விளையாட்டை நான் பின்னாலிருந்து ஆட ஆரம்பித்தேன். K, A-வோடு B, L இருந்திருந்தால் BLACK என்றிருப்பாள், அது எல்.கே.ஜி.யிலேயே தெரிந்த வார்த்தை. B, N என்றால் BANK. B, T என்றால் BASKET. L, E என்றால் LAKE. N, E என்றால் SNAKE என்று கத்தி என்னைப் பயமுறுத்தியிருப்பாள். K, A-வில் எதை எடுத்தாலும் சின்னதாக ஒன்று இருந்தது. அப்படியென்றால் அது கர்நாடகா வண்டி இல்லை. T, N-க்கு வந்தேன். A, K என்றால் TANK. K, E என்றால் KITTEN. A, L என்றால் PLANT. L, K என்றால் ANKLET, அது எங்கள் தெருக் கொலுசுக் கடை போர்டிலேயே இருக்கிறது, இரண்டு பேரும் தினமும் பார்ப்பது. B, E என்றால் BENT. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. B, K. அந்த இரண்டுக்கும் போர்வையைவிடச் சின்னதாக அவளுக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் தளி வரைக்கும் கிடைக்கவில்லை.

எழுந்து ஓடி அந்தப் போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்கக்கூடாதுதான். அந்த நேரத்தில் யாருக்கு அதெல்லாம் தெரியும்.

"சார், நம்ம ஊர் வண்டி. B, K."

"நிச்சயமாத் தெரியுமா?"

"என் பிள்ளையத் தெரியும் சார்."

அவர் வயர்லெஸ்ஸில் சொன்னார். ஆனால் அதற்கு முன்னாலேயே அந்த எழுத்துகள் கிளம்பிவிட்டன. பக்கத்து பஸ்ஸின் ஜன்னலில் இருந்த பையன் கேட்டு முன் பஸ்ஸின் ஜன்னலுக்குச் சொன்னான். அங்கிருந்து அடுத்ததற்கு. இந்தி பேசுகிறவர்கள், ஒடியா பேசுகிறவர்கள், நம்மவர்கள், எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி T, N, B, K என்று முன்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். மொழிபெயர்க்க அதில் என்ன இருக்கிறது? அந்த நான்கு எழுத்தும் வரிசை வரிசையாக முன்னால் போய்க்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் சத்தம் எங்களுக்குக் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டது. பிறகு தூறல் மட்டும்தான். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. எல்லோரையும்தான் கூப்பிட்டிருப்பேன்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. முன்னாலிருந்து திரும்ப ஒரு சத்தம் வந்தது. இந்த முறை எழுத்து இல்லை, கைதட்டல். நின்ற வண்டிகளுக்கு நடுவே, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து விழுந்த விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் தெரியவில்லை. தோளில் துண்டு சுற்றிய ஒரு சின்ன உருவம். அவர் தாண்டி வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்தும் கைகள் வெளியே வந்து ஆடின. யாரோ ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, குழந்தைக்கு மேலே பிடித்தபடி கூடவே நடந்து வந்தார்.

என்னால் ஓடிப் போய் வாங்க முடியவில்லை. அவர்தான் என்னிடம் வந்தார். நான் முதலில் தொட்டது அவள் பாதத்தை. சூடாக இருந்தது. அவள் கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்து, பின் மூடி, தலையை என் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அப்போதுதான் நான் சத்தம் போட்டு அழுதேன். பழக்கூடைக்காரப் பெண் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆட்டோ தம்பி என் கையிலிருந்த போனை வாங்கி என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

அவளைத் தூக்கி வந்த டிரைவரும் அழுதுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தெலுங்கு வாடை அடிக்கிற தமிழில், அவசரத்தில் கடைசி சீட்டைப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்து பஸ்காரர்கள் எழுத்துகளைச் சொன்னபோது அது தன் வண்டிதான் என்று அவருக்கே தெரியவில்லையாம். அவருக்கு வண்டி என்றால் கடைசி நாலு எண்தான். எதற்கும் பார்ப்போம் என்று மழையில் இறங்கி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, பிறகுதான் உள்ளே ஏறிக் கடைசி சீட்டு வரை ஓடியிருக்கிறார்.

"இத்தினி வருசமா ஓட்டறன்மா. என் வண்டி எழுத்த இன்னிக்குத்தான் எறங்கிப் படிச்சன்."

அவரை நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை டிரைவர் என்று மட்டுமே பார்த்திருந்தேன். புடவையில் தண்ணீர் அடித்ததற்காக வைதும் இருந்தேன். நன்றி சொல்ல வார்த்தை தேடினேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு வார்த்தைகூட எனக்கு அகப்படவில்லை. வண்டிகள் நகர ஆரம்பித்துவிட்டன. பக்கத்து பஸ் டிரைவரிடம் சொல்லிவிட்டு நடு ரோட்டிலேயே விட்டு வந்த தன் வண்டிக்கு அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். போலீஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மையெல்லாம் மழையில் ஓடிப்போன உள்ளங்கையை ரெயின்கோட்டில் துடைத்துக்கொண்டு விசிலை எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, மாப்பிள்ளையின் தாய்மாமாவிடம் நம்பர் வாங்கி அந்த டிரைவருக்கு நானும் கணவரும் போன் பண்ணினோம். குழந்தை எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார். இப்போதெல்லாம் டிரிப் முடிந்தால் கடைசி சீட்டு வரை நடந்து போய்க் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பதாகச் சொன்னார். தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பினோம். அவர் வீட்டிலிருந்து ஒரு பை ராகி மாவு வந்தது. அது இப்போதும் வருடா வருடம் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில் என் மகள் எழுந்து உட்கார்ந்து, தான் ஒரு கனவு கண்டதாகச் சொன்னாள். ஒரு மாமா தன்னைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தாராம். ரோடு முழுக்க கலர் கலராக விளக்காம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் தனக்கு டாட்டா காட்டினார்களாம். தன்னை ஏன் அத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது என்று கேட்டாள். அவள் அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். நான் அவளுக்குத் தலை வாரி விட்டேன்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. நம்பர் பிளேட் விளையாட்டெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்கிறாள். ஆனால் அந்தக் கனவை மட்டும் மறக்கவில்லை, தோழிகளிடம்கூடச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் விளக்குகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும், பிறகு வேண்டாம் என்று விட்டுவிடுவேன். சாயங்காலம் ஷிப்ட் விட்டு வெள்ளை பஸ்கள் பனிக்குள் போகும்போது, ஜன்னலில் தூங்கும் அந்த முகங்களை இப்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். அன்றைக்குக் கையாட்டியவர் இதில் யாரோ ஒருவராக இருக்கலாம். அவளுக்கு அது கனவாகவே இருக்கட்டும். சொந்த பந்தம் எல்லாம் அருப்புக்கோட்டையில் இருக்க, இந்த ஊரில் நமக்கு யாரம்மா இருக்கிறார்கள் என்று என்றைக்காவது அவள் கேட்டால், அந்தக் கைகள் அத்தனையும் நிஜம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.